கன்றிய கையும் பழுப்புக் கேனும்

ஜனவரி 9

காலை டிரைவிங் வகுப்புக்கு வந்த ஓய்வுபெற்ற தபால்காரர் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். என் பக்கத்து பிரேக்கை நான் மிதித்ததால் எதிர்ச்சுவர் பிழைத்தது. "நீங்க பக்கத்துல இருக்கிற தைரியம்தான் சார்" என்றார். அந்தத் தைரியத்தைக் காலையிலிருந்து மாலை வரை ஊருக்கெல்லாம் கொடுக்கிறேன். வீட்டுக்கு வரும்போது கையில் மிச்சம் இருப்பதில்லை.

என் மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சீருடையின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நீச்சல்குளத்தில் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் போடும் நீலச் சட்டை. போன வருடம் அது அவள்மேல் தொளதொளவென்று தொங்கும். உதவப் போனேன். "தொடாதீங்க!" என்று கத்தினாள். பிறகு அழுதாள். பிறகு எழுந்துபோய் நின்றபடியே நாலு துண்டு ரொட்டி சாப்பிட்டாள்.

முகம் உருண்டுவிட்டது. வயிறு போட்டுவிட்டது. ஆனால் கையும் காலும் குச்சியாகிக்கொண்டே போகின்றன. குண்டாகிறவர்கள் இப்படியா குண்டாவார்கள்?

ஜனவரி 14

குளத்து மேலாளரம்மா இவளைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுல எல்லாம் நல்லபடியா இருக்கா?" என்று கேட்டாராம். கையில் ரத்தம் கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளின் அம்மாக்கள் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"நீங்க என்னப் போட்டு அடிக்கிறீங்களாம்" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்கள் மகள் குட்டியும், எதற்கென்று தெரியாமலே, கூடச் சேர்ந்து சிரித்தாள்.

அவளுக்கு மேசை முனை இடித்தால் போதும், நீலம் பாரிக்கிறது. பை மாட்டினால் தோளில் பட்டையாகத் தடம். நாளையிலிருந்து முழுக்கைச் சட்டை போட்டுத் தண்ணீரில் இறங்கப்போகிறாளாம்.

ஜனவரி 20

அவளுடைய அண்ணன் வந்தார். மாதம் ஒருமுறை வருவார். தனிக்கட்டை, கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவர். இவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், இவளுக்கு அப்பா மாதிரி. வழக்கம்போல ஒரு பை நிறையப் பழம், அவள் தோள்வலிக்கு மூலிகை மாத்திரை, குட்டிக்கு வண்ணப் பென்சில். எனக்குக் கை கொடுப்பார், இன்று கொடுக்கவில்லை. கை அழுக்காக இருந்ததோ என்னவோ.

ஜனவரி 27

மாடிப்படியில் அவள் கால் மடங்கிவிட்டது. விழுந்திருந்தால் தலைதான். பின்னால் வந்த நான் சட்டென்று மேல்கையைப் பிடித்து இழுத்தேன். பதினாறு வருடம் டிரைவிங் கற்றுக்கொடுத்த பழக்கம், மூளைக்குத் தெரியும் முன்பே கை போய்விடும்.

சாயங்காலம் பார்த்தால் அவள் கையில் என் ஐந்து விரலும் இருக்கிறது. ஒவ்வொன்றும் தனித்தனியாக. கட்டைவிரல் உள்பக்கம்.

"வலிக்குதா?"

"இல்ல. பாக்கத்தான் பயமா இருக்கு."

எனக்கும்.

ஜனவரி 30

பயந்தது நடந்துவிட்டது. மச்சான் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். அவள் சமையலறையில் மேல்தட்டிலிருந்து டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கியிருக்கிறாள். சட்டைக் கை சரிந்துவிட்டது.

நான் உள்ளே நுழையும்போது அவர் அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் விரல்களை அந்தத் தடங்களின் மேல் வைத்து அளந்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"படியில விழப் போனா மச்சான், பிடிச்சேன்" என்றேன்.

"உடைஞ்ச கண்ணாடிய மாத்தறதுக்கு எத்தன வீட்டுக்குப் போயிருக்கேன் தெரியுமா? அந்த வீட்டு ஆம்பளைங்களும் இதேதான் சொல்வாங்க. படி. எல்லார் வீட்டுலயும் படி."

அவளைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. டப்பாவைத் திறந்து பிஸ்கட் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அவர் போன பிறகு கேட்டேன், ஏன் சும்மா இருந்தாய் என்று. "எத்தன பேருக்கு எத்தன தடவ சொல்றது? எனக்கு முடியலங்க" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். உண்மையிலேயே முடியவில்லைதான், தெரிகிறது. ஆனாலும்—

ஒரு வார்த்தைதானே.

பிப்ரவரி 2

பள்ளியிலிருந்து வரும் வழியில் குட்டி சொன்னாள்: "அப்பா, நீ அம்மாவ அடிப்பியான்னு மாமா கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"நான் பாத்ததில்லன்னு சொன்னேன்."

பார்த்ததில்லை. இல்லை என்று சொல்லவில்லை, பார்த்ததில்லை என்று சொல்லியிருக்கிறாள். ஒன்பது வயதுப் பிள்ளை. பொய் சொல்லக் கூடாது என்று வளர்த்தது நான்தான். அடுத்த தெருமுனை வரை ஸ்டியரிங்கை எப்படிப் பிடித்திருந்தேன் என்று நினைவில்லை.

பிப்ரவரி 6

ஒருவழியாக டாக்டரிடம் வர ஒப்புக்கொண்டாள். ஹார்மோன் டாக்டர், ஒல்லியான அம்மா, வேகமாகப் பேசுகிறார். முதலில் நர்ஸ் என்னை வெளியே அனுப்பினார். "ரெண்டு நிமிஷம் சார், பேஷண்டுகிட்ட தனியா பேசணும்." என்ன பேசுவார்கள் என்று எனக்கா தெரியாது? வெளியே சுவரில் இதயத்தின் படம். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வரிசையில் இருந்த அத்தனை பேரும் என் கையைப் பார்ப்பது போல இருந்தது.

உள்ளே கூப்பிட்ட பிறகு டாக்டர் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, "கைய ஊணாம எழுந்திருங்க" என்றார். முயன்றாள். இன்னொரு முறை முயன்றாள். எழ முடியவில்லை. குளத்தின் நீளத்தை மூச்சு விடாமல் கடந்தவள். என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள்.

வயிற்றில் ஊதா நிறத்தில் கோடுகள் இருக்கின்றனவாம். என்னிடம்கூட அவள் காட்டியதில்லை.

"கார்டிசால்னு ஒரு ஹார்மோன். உடம்புல அது ரொம்ப அதிகமா இருந்தா தோல் இப்படி மெல்லிசாப் போயிடும், தொட்டாலே ரத்தம் கட்டும். மூடும் மாறும், தூக்கம் போகும்" என்றார். "ஏதாவது மருந்து எடுத்துக்கறீங்களா? மாத்திரை, ஊசி, களிம்பு?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். தலைவலிக்குக்கூட மாத்திரை போட மாட்டேன்" என்றாள். நானும் தலையாட்டினேன்.

ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். ரத்தத்தில் அந்த ஹார்மோன் மணிக்கு மணி ஏறி இறங்குமாம். சிறுநீரில் நாள் முழுவதற்குமான கணக்கு தெரியுமாம். பழுப்பு நிறத்தில் பெரிய கேன் ஒன்றைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வரும்வரை அவள் அதை மடியில் வைத்திருந்தாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

காலையில் முதலில் போவதை விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு போவது ஒரு சொட்டு விடாமல் கேனுக்குள். நாளை காலை முதலில் போவதோடு கணக்கு முடிகிறது. கேன் குளிர்ச்சியில் இருக்க வேண்டும். அதாவது, எங்கள் பிரிட்ஜில்.

குட்டி அதன்மேல் ஒரு மண்டை ஓட்டை வரைந்து, "யாரும் குடிக்காதீங்க!!" என்று எழுதி ஒட்டினாள். அதைப் பார்த்து அவள் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனை மாதமாயிற்று இப்படிச் சிரித்து.

மதியம் மறதியாக ஒருமுறை அப்படியே போய்விட்டு வந்துவிட்டாளோ என்று சந்தேகம் வந்தது. "போனியா?" "போகல." "நிச்சயமா?" "உங்களுக்கு வேற வேலையே இல்லையா? கதவுக்கு வெளியே காவல் நிக்கறீங்களா?" அவள் கையிலிருந்த டம்ளர் பறந்தது. ஸ்டீல் டம்ளர், உடையவில்லை. என்னைத் தாண்டிச் சுவரில் பட்டது. குட்டி கதவருகில் நின்றிருந்தாள்.

இதை மட்டும் பிள்ளை பார்த்துவிட்டாள்.

பிப்ரவரி 19

வந்துவிட்டது. கார்டிசால் இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு.

இங்கே பொய் எழுதக் கூடாது. கேட்டதும் எனக்கு வந்தது சந்தோஷம். நோய்தான்! நான் இல்லை, நோய்! காகிதத்தில் அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள். மச்சானிடம் காட்டலாம், மேலாளரம்மாவிடம் காட்டலாம், தெருவில் போஸ்டர் அடித்து ஒட்டலாம்—

அப்போதுதான் டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "மூளைக்குக் கீழ இருக்கிற சுரப்பியிலோ, கிட்னிக்கு மேல இருக்கிறதுலயோ கட்டி இருக்கலாம்." அவள் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

என்ன மனிதன் நான்.

பிப்ரவரி 21

ரிப்போர்ட்டின் படத்தை மச்சானுக்கு அனுப்பியிருந்தேன். மாலையில் நேரில் வந்தார். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதப் படிங்க. கார்டிசால்னா என்னன்னு போட்டிருக்கு? மன அழுத்தத்துல சுரக்கிற ஹார்மோன். பயத்துல சுரக்கிறது. மூணு மடங்கு பயம் என் தங்கச்சிக்கு எங்கிருந்து வந்தது மாப்பிள்ளை?"

"மச்சான், இது அந்தக் கணக்கு இல்ல. டாக்டரம்மாகிட்டயே கேளுங்க—"

"எல்லாரும் உங்ககிட்டதான் கேக்கணும், நீங்கதான் பதில் சொல்லணும். அவ வாயே திறக்கறதில்ல. அதுதான் எனக்கு பயமா இருக்கு."

"பாப்பா, கிளம்பு" என்றார் அவளிடம். அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "கொஞ்ச நாள் அண்ணன் வீட்டுல இருந்துட்டு வரேங்க. இங்க நமக்குள்ள சத்தமாவே இருக்கு. எனக்குத் தூங்கணும், அவ்வளவுதான்."

துணியை அவரே எடுத்து அடுக்கினார். குட்டி பள்ளிப் பையை மாட்டிக்கொண்டாள். கதவுவரை போய்த் திரும்பி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை. பார்க்காதது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நோய் என்று நிரூபிக்க நான் அனுப்பிய காகிதம், எனக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது.

பிப்ரவரி 22

நான் அடிக்கல. நான் அடிக்கல. இங்க யாரும் கேக்கல, ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 3

ஸ்கேன். மச்சான் அவளைக் கூட்டிவந்திருந்தார். மூன்று பேரும் ஒரே பெஞ்சில், அவள் நடுவில். இரண்டு நாட்டு எல்லையில் வேலி போட்டது போல.

டாக்டர் படத்தை வெகுநேரம் பார்த்தார். கட்டி ஏதும் இல்லை. கிட்னிக்கு மேலே இருக்கும் சுரப்பிகள் இரண்டும் சுருங்கி, வாடின இலை மாதிரி இருக்கின்றனவாம். அந்தச் சுரப்பிக்கு மூளையிலிருந்து போகும் கட்டளையும் ரத்தத்தில் காணோம்.

"புரியல டாக்டர்" என்றேன்.

"எனக்கும்தான்" என்றார். "கடை பூட்டியிருக்கு. ஆனா தெருவெல்லாம் சரக்கு ஓடுது. அப்ப சரக்கு எங்கேருந்து வருது?"

இன்னொரு முறை சிறுநீர் சேர்க்கச் சொன்னார். இந்த முறை வேறு ஊரில் இருக்கும் பெரிய லேபுக்கு. மறுபடியும் கேட்டார், மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா என்று. மறுபடியும் இல்லை என்றாள். மச்சான் முந்திக்கொண்டு, "மன நிம்மதி இல்ல டாக்டர், அதுதான்" என்றார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். "மன நிம்மதி இல்லாதவங்களுக்குச் சுரப்பி சுருங்காதுங்க."

அந்த ஒரு வரிக்காக அவர் காலில் விழலாம் போலிருந்தது.

மார்ச் 8

கேனை லேபுக்குக் கொண்டுபோக ஐஸ் பெட்டி வேண்டும் என்று அவளே போன் செய்தாள். வாங்கிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் வாசலிலேயே பெட்டியை வாங்கிக்கொண்டார். பின்னால் அவள் தெரிந்தாள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். "ம்" என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

புடவைக்குக் கீழே தெரிந்த கணுக்காலில் புதிதாக ஒரு நீலம். நான் இல்லாத வீட்டில், புதிதாக. மச்சானும் அதைப் பார்த்தார். நான் பார்ப்பதையும் பார்த்தார்.

மார்ச் 16

டாக்டர் நேராக எனக்கே போன் செய்தார். வகுப்பு நடுவில். வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன்.

பெரிய லேபின் கணக்குப்படி அவள் சிறுநீரில் கார்டிசால் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

"அப்ப முதல்ல வந்தது தப்பா டாக்டர்?"

"அந்த மிஷின் முகஜாடை பார்த்து எண்ணும். கார்டிசால் மாதிரியே ஜாடை உள்ள இன்னொண்ணு இருந்தா அதையும் சேர்த்து எண்ணிடும். பெரிய லேப் மிஷின் ஒவ்வொண்ணையும் தனித்தனியாப் பிரிச்சு, எடை பார்த்து எண்ணும். கார்டிசால் இல்ல. ஆனா ப்ரெட்னிசோலோன் இருக்கு. அது ஸ்டீராய்டு. உடம்புல சுரக்கிறது இல்ல, வெளியிலேருந்துதான் போகணும். உங்க வீட்டம்மா என்ன சாப்பிடறாங்க?"

"ஒண்ணும்—" என்று ஆரம்பித்தேன்.

தோள்வலி. பழப் பை. மாதாமாதம் மச்சான் கொண்டுவரும் மாத்திரையின் வெள்ளை டப்பா. எங்கள் வீட்டில் யாரும் அதை மருந்து என்று நினைத்ததே இல்லை. மூலிகைதானே. கேட்டபோது நானும் தலையாட்டினேனே.

சொன்னேன். "அதேதான்" என்றார். "திங்கள்கிழமை டப்பாவோட வாங்க. அதுவரைக்கும் நிறுத்தக் கூடாது. நல்லாக் கேட்டுக்கோங்க, திடீர்னு நிறுத்திடக் கூடாது. உடம்பு சொந்தமா சுரக்கிறதையே மறந்துபோச்சு. நிறுத்தினா உயிருக்கே ஆபத்து."

பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்த தபால்காரர், "இறங்கிக்கட்டுமா சார்?" என்றார். அவரை இறக்கிவிட்டு நேராக மச்சான் வீட்டுக்கு விட்டேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே சொன்னேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் கல்லாகிவிட்டது. "ஜிம்முல நம்ம பையன் விக்கறான். நானே முட்டிவலிக்கு ஒரு மாசம் சாப்பிட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒரு மாசம் மச்சான். அவ ஒன்றரை வருஷமா சாப்பிடறா."

"அப்ப நான்தான் விஷம் வெச்சேன்ங்கறீங்க."

"அப்படிச் சொல்லல. திங்கள்கிழமை வரைக்கும் நிறுத்தாதீங்கன்னு—"

"விஷம்னும் சொல்றீங்க, நிறுத்தாதன்னும் சொல்றீங்க. எந்த ஊர் நியாயம் இது?"

கதவு சாத்தப்பட்டது. அவளுக்கும் செய்தி அனுப்பினேன்: மாத்திரையை நிறுத்தாதே, காரணம் பிறகு சொல்கிறேன். 'சரி' என்று வந்தது.

மார்ச் 18

இதை ஆஸ்பத்திரி கேண்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் மச்சான் போன். குரலே அவருடையதாக இல்லை. "மாப்பிள்ளை, பாப்பா வாந்தி எடுத்துட்டே இருக்கா. இப்ப கண்ணு சொருகுது. கூப்பிட்டா பேச மாட்டேங்கறா. ஆம்புலன்ஸ் இன்னும் வரல."

பயிற்சி வண்டிதான் கையில் இருந்தது. கூரையில் சிவப்பு எழுத்துப் பலகை, பின்னால் 'கற்றுக்கொள்பவர், இடைவெளி விடவும்'. அத்தனை வேகத்தில் அந்த வண்டியை இந்த ஊர் பார்த்திருக்காது. மச்சான் முன்னால் உட்கார்ந்தார், பின்சீட்டில் குட்டியின் மடியில் அவள் தலை. அவர் காலுக்கடியில் இன்னொரு பிரேக் இருப்பது அவருக்குத் தெரியாது. பயத்தில் காலை ஊன்றினார். சிக்னலைத் தாண்டி நடுத்தெருவில் வண்டி குலுங்கி நின்றது.

"காலை எடுங்கய்யா!" என்று கத்தினேன். வாழ்நாளில் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. காலை எடுத்துச் சீட்டின்மேல் சம்மணம் போட்டுக்கொண்டார், சின்னப் பிள்ளை போல.

எமர்ஜென்சியில் ரத்த அழுத்தம் பார்த்தவர் இரண்டாம் முறை பார்த்தார். "என்ன மாத்திரை நிறுத்தினாங்க?" என்று கேட்டார். நான் மச்சானைப் பார்த்தேன்.

"நான்தான் டாய்லெட்ல கொட்டினேன்" என்றார். "முந்தாநாளே. பழைய ஸ்டாக், புதுசு வாங்கித் தரேன்னு பாப்பாகிட்ட சொன்னேன்."

நரம்பில் ஊசி போட்டார்கள். அதே ஸ்டீராய்டு வகைதான், அளவோடு. பாட்டில் இறங்க இறங்க முகத்தில் ரத்தம் திரும்பிவருவதைக் கண்ணாலேயே பார்த்தேன். மதியம் கண்ணைத் திறந்தாள். "குட்டி சாப்பிட்டாளா?" என்றாள்.

தாழ்வாரத்தில் மச்சான் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். கிட்டே போனேன். மனசுக்குள் ஒரு மாதமாகச் சேர்த்துவைத்த வார்த்தை அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

அவரே பேசினார். "நீங்க சொன்னத நம்பல மாப்பிள்ளை. ஆனா ஒருவேளை நிஜமா இருந்துட்டா? அப்ப இன்னொரு மாத்திரைகூட அவ வயித்துக்குள்ள போகக் கூடாதுன்னு தோணிச்சு. என் கையால குடுத்தத என் கையாலயே கொட்டினேன்."

நானும் தரையில் உட்கார்ந்தேன். பிறகு சொன்னேன்: "என்னச் சந்தேகப்பட்டீங்க. சரி, அந்தக் கையப் பாத்தா நானே சந்தேகப்பட்டிருப்பேன். ஆனா குட்டிகிட்ட போய்க் கேட்டிருக்கக் கூடாது மச்சான். அது மட்டும் என்னால ஜீரணிக்க முடியல."

தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

மார்ச் 24

வீட்டுக்கு வந்துவிட்டாள். எங்கள் வீட்டுக்கு.

மார்ச் 30

டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். குறைக்கும் ஒவ்வொரு முறையும் உடம்பு அடித்துப்போட்டாற்போல் வலிக்கிறதாம். இன்று நாள் பூரா படுத்தே இருந்தாள். "இதுக்கு அந்த டப்பாவே தேவலாம்" என்று முனகினாள். கோபம் வந்தது. அடக்கிக்கொண்டேன். அடக்க அடக்க எனக்கும் அந்த ஹார்மோன் ஏறுகிறதோ என்னவோ, யார் அளந்தார்கள்.

ஏப்ரல் 12

கேட்டுவிட்டேன். அன்று சமையலறையில் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று.

"தெரியலங்க. எல்லார் மேலயும் வெறுப்பா இருந்தது. உங்க மேல, அண்ணன் மேல, குட்டி மேலகூட. யாராவது யார்கூடவாவது அடிச்சுக்கட்டும்னு இருந்தது. அது நான்தானா, மாத்திரையான்னு இப்பவும் பிரிச்சுப் பாக்கத் தெரியல."

அதைப் பிரித்து எடைபோட எந்த லேபிலும் மிஷின் இல்லை. அவளும் அழுதாள், நானும். மன்னித்துவிட்டேனா? பாதி. மீதி நாளாகும்.

ஜூன் 4

மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் கொடுக்க மச்சானோடு போனேன். கூட வரச் சொல்லி அவர் கேட்கவில்லை. வாசலில் வண்டியோடு நின்றேன், ஏறிக்கொண்டார்.

ஜிம்மில் விற்றவன் அவருடைய பழைய கூட்டாளி. "நான் யாருக்கும் விக்கல, அவரே கேட்டு வாங்கினாரு" என்று சொல்லிவிட்டானாம். அதிகாரி பேனாவைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "பேஷண்டுக்கு மாத்திரையக் கொடுத்தது யாரு?"

"நான்" என்றார் மச்சான். "என்ன நடவடிக்கை எடுக்கணுமோ என் மேலயும் எடுங்க. ஆனா அவன் கடைய மூடுங்க. முட்டிவலின்னு அங்க தினம் பத்துப் பொம்பளைங்க வராங்க."

திரும்பி வந்து இறங்கும் இடத்தில், "குட்டிகிட்ட பேசினேன்" என்றார். "தப்பாக் கேட்டுட்டேன்டா கண்ணு, உங்கப்பா அப்படிப்பட்டவர் இல்லன்னு சொன்னேன். 'எனக்குத் தெரியுமே மாமா'ன்னு சொல்லிட்டா."

இறங்கிப் போய்விட்டார். நான் அடுத்த வகுப்புக்குத் தாமதம்.

செப்டம்பர் 15

கடைசி மாத்திரையை நிறுத்திப் பல நாள் ஆகிறது. ரத்தமும் பார்த்தார்கள், ஒரு நாள் சிறுநீரும் பார்த்தார்கள். கார்டிசால் இருக்கிறது. குறைவுதான், இயல்பு அளவின் கீழ் எல்லையை இப்போதுதான் தொட்டிருக்கிறது. டாக்டர் அந்த எண்ணைப் பேனாவால் சுற்றி, "இது முழுக்க அவங்களோடது" என்றார். காய்ச்சல் வந்தாலோ ஆபரேஷன் என்றாலோ கவனமாக இருக்க வேண்டும், இன்னும் ஒரு வருடத்துக்கு.

நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்தாள். யாரும் எழச் சொல்லவில்லை, வீட்டுக்குக் கிளம்பத்தான் எழுந்தாள்.

நவம்பர் 25, ஞாயிறு

மச்சான் சாப்பிட வந்திருந்தார். நடுவில் எனக்கும் அவளுக்கும் சண்டை. வாஷிங் மெஷினை எங்கே நகர்த்துவது என்பதில் ஆரம்பித்தது, என் அக்கா கல்யாணத்தில் யார் யாருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது வரை போயிற்று. அவள் கத்தினாள். நானும் கத்தினேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு முழுக் குரலில். "உங்க வீட்டாளுங்களே அப்படித்தான்" என்று அவள் மேசையைத் தட்டினாள். "உன் வீட்டாளு இதோ உக்காந்திருக்காரே, கேளு!" என்று நான் கையை நீட்டிவிட்டேன். நீட்டிய பிறகுதான் உறைத்தது, யார் முன்னால் என்று. கை அப்படியே நின்றது.

குட்டி பாடப் புத்தகத்திலிருந்து நிமிரவில்லை.

மச்சானும் நிமிரவில்லை. தட்டில் பிசைந்துகொண்டே, "உப்பக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிட்டு அப்புறம் சண்ட போடுங்க மாப்பிள்ளை" என்றார்.